மலையில் அடைத்த வைன் கொழும்பில் வெடிக்காமலிருக்க

நுவரெலியாவில் குளிர் மாதத்தில் போத்தலில் அடைத்த பிளம்ஸ் வைன், அடைத்த வீட்டில் இருக்கும்வரை சாதுவாகத்தான் இருக்கும். அதே போத்தலைப் பையில் வைத்து நானுஓயாவில் ரயிலேற்றி, கோட்டையில் இறக்கி, வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டு அலமாரியில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் தக்கை மெல்ல மேலெழும்பத் தொடங்கும். சில போத்தலில் தக்கை ஓரத்தால் வைன் கசியும். சிலது நடுச்சாமத்தில் சத்தம் போட்டு வீட்டையே எழுப்பிவிடும். (பிளம்ஸ் என்றது மரத்தில் காய்க்கும் பழத்தை. கேக்குக்குப் போடும் கடைப் பிளம்ஸ் முந்திரிகை வற்றல். அது வேறு கதை.)

பெரும்பாலானோர் அப்போது சொல்லும் காரணம், "வைன் பழுதாப் போச்சு" என்பது. அநேகமாக வைன் பழுதாகவில்லை. அடைக்கும்போதே உள்ளே இருந்த வாயு, குளிரில் தெரியாமல் கிடந்து, வெயில் ஊரில் வெளியே வந்திருக்கிறது. மலைநாட்டில் வைன் போடுகிறவர்கள் மற்ற ஊர்க்காரரைவிட இந்த விஷயத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். குளிர் இரண்டு பொய்களைச் சொல்லும்: நொதித்தல் முடிந்துவிட்டது என்பது ஒன்று, வாயு போய்விட்டது என்பது மற்றது. இரண்டையும் வைனைச் சூடாக்கிப் பார்த்துத்தான் பிடிக்கலாம்.

ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடரலாம். இலங்கையில் மதுபானம் தயாரிக்கவும் விற்கவும் மதுவரிச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் தேவை. அதை முதலில் கவனித்துக்கொள்ளுங்கள்.

இனி வாயுக் கணக்கு. ஈஸ்ட் சீனியைத் தின்னும்போது, அந்தச் சீனியின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவானது காபனீரொட்சைட்டாக மாறும். 20 லீற்றர் வைனில் பழத்தின் சீனியும் நாம் போட்டதும் சேர்ந்து நாலரைக் கிலோ என்றால், ஏறத்தாழ 2.2 கிலோ வாயு பிறக்கும். அதில் மிகப் பெரும் பகுதி எயார்லொக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத தண்ணீர் அடைப்பு) வழியே போய்விடும். போகாமல் வைனிலேயே கரைந்து நிற்கும் மிச்சம்தான் நம் தலைவலி. ஒரு வளிமண்டல அழுத்தத்தில் ஒரு லீற்றர் தண்ணீரில் 10 பாகை செல்சியஸில் 2.3 கிராம், 16 பாகையில் 1.9 கிராம், 20 பாகையில் 1.7 கிராம், 30 பாகையில் 1.26 கிராம் காபனீரொட்சைட்டு கரையும். வைனுக்கும் இந்தக் கணக்கு ஏறத்தாழப் பொருந்தும். குளிரக் குளிர வைன் வாயுவை இறுகப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

உயரத்துக்கும் இதில் பங்குண்டு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் 80 சதவீதமளவே. ஆகவே 16 பாகையில் 1.9 அல்ல, 1.5 கிராமளவு நிற்கும். உயரம் நமக்கு உதவி செய்கிறது, குளிர் அதைத் திருப்பிப் பிடுங்கிக்கொள்கிறது. லீற்றருக்கு 1.5 கிராம் என்பது சொற்பமாகத் தெரியலாம். 20 லீற்றருக்கு அது 30 கிராம். அந்த 30 கிராமை நுவரெலியாவிலேயே ஒரு பைக்குள் பிடித்தால் பை 20 லீற்றருக்கு உப்பும். ஒரு போத்தல் வைனுக்குள் இன்னொரு போத்தல் நிறைய வாயு ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அசையாமல் கிடக்கும் வழுவழுப்பான கண்ணாடி ஜாடியில் இந்தக் கணக்கையும் மிஞ்சி நிற்கும், ஏனென்றால் குமிழி பிறக்க ஒரு சொரசொரப்போ அசைவோ வேண்டும். முதல் முறை கரண்டியை விட்டவுடன் ஜாடி பொங்கி வழிவது இதனால்தான்.

நாக்குக்கு லீற்றருக்கு 1 கிராமைத் தாண்டினால் சுறுசுறுவென்று தெரியும். கருஞ்சிவப்பு வைனை அரைக் கிராம் அளவுக்கு இறக்கலாம். அன்னாசி, பேரிக்காய், ஸ்ட்ரோபெரி போன்ற இலேசான வைன்களில் 0.8 முதல் 1 வரை விட்டுவைப்பதே நல்லது. அதையும் உறிஞ்சி எடுத்தால் குடிக்கச் சப்பென்று இருக்கும்.

நின்றதா, தூங்குகிறதா?

வாயு எடுக்கத் தொடங்குமுன் நொதித்தல் உண்மையில் முடிந்ததா என்று தெரிய வேண்டும். ஈஸ்ட் வேலை செய்துகொண்டிருக்கும் வைனில் வாயு எடுப்பது ஓட்டைச் சுரைக்காயில் தண்ணீர் மொள்வது போல. மூன்று நாள் ஹைட்ரோமீற்றர் (வைனில் மிதந்து அடர்த்தியைக் காட்டும் கருவி; தண்ணீருக்கு 1.000, சீனி குறையக் குறைய அளவு இறங்கும்) அளவு மாறாவிட்டால் முடிந்தது என்று வெப்ப நாட்டுக்காரர் எழுதிய குறிப்புகளில் இருக்கும். நுவரெலியா, ராகலை, கந்தப்பளைப் பக்கம் அது பொருந்தாது. இரவில் 10, 12 பாகைக்கு இறங்கும் வீட்டில் பாண் போடும் ஈஸ்ட் சுருண்டு படுத்துவிடும். ஒரு வாரம் பார்த்தாலும் அளவு அசையாது. அதே ஜாடியை 20 பாகைக்கு மேலே கொண்டுபோனால் நாலாம் நாள் மறுபடி குமிழி விடும்.

ஆகவே முறை இது: ஜாடியை வீட்டில் இருப்பதில் சூடான இடத்துக்கு மாற்றி, 20 முதல் 22 பாகையில் ஏழு நாள் வையுங்கள். ஐந்தாம் நாளும் ஏழாம் நாளும் அளவெடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்து, அளவு 0.990க்கும் 0.998க்கும் இடையில் இருந்தால் முடிந்தது என்று எடுக்கலாம். 1.010இல் நிற்கிறது என்றால் அது முடிந்ததல்ல, நின்றது. அதை வாயு எடுத்துத் திருத்த முடியாது.

ஹைட்ரோமீற்றரும் வாயுவால் ஏமாறும். குமிழிகள் தண்டில் ஒட்டி அதைத் தூக்கிப் பிடிக்கும். அளவு உள்ளதைவிடக் கூடக் காட்டும். எடுத்த மாதிரியை இரண்டு தம்ளர்களில் மாற்றி மாற்றி, தேநீர் ஆற்றுவது போல, பத்துப் பதினைந்து தடவை உயரத்திலிருந்து ஆற்றுங்கள். நுரை அடங்கிய பிறகு அளந்து, அந்த மாதிரியைத் திரும்ப ஜாடியில் ஊற்றாமல் குடித்துவிடுங்கள் அல்லது கொட்டிவிடுங்கள். கருவியின் தண்டில் எந்த வெப்பநிலைக்கு அளவு குறிக்கப்பட்டது என்று எழுதியிருக்கும், பெரும்பாலும் 20 பாகை. மாதிரியையும் அந்த வெப்பத்துக்குக் கொண்டுவந்தே பார்க்க வேண்டும். புளிப்பை அளக்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை: கரைந்த வாயுவும் அமிலமாகவே கணக்கில் விழும்.

எயார்லொக்கை நம்பி முடிவெடுக்க வேண்டாம். தகரக்கூரை போட்ட லயக் காம்பராவில் பகலுக்கும் இரவுக்கும் பத்துப் பாகை வித்தியாசம் சாதாரணம். மத்தியானம் வைன் சூடேறக் கரைந்த வாயு வெளியேறிக் குமிழி விடும். விடியற்காலை சுருங்கி, எயார்லொக் தண்ணீரை உள்நோக்கி இழுக்கும். மத்தியானக் குமிழியைக் கண்டு நொதிக்கிறது என்று எண்ணுவதும், காலையில் குமிழி இல்லாததைக் கண்டு முடிந்தது என்று எண்ணுவதும் இரண்டுமே பிழை. எயார்லொக்கில் வெறும் தண்ணீருக்குப் பதிலாகக் கிருமியைத் தடுக்கும் சல்பைட் கரைத்த தண்ணீர் விடுவதும் இதற்காகத்தான். இரவில் உள்ளே போனாலும் கெடுதி இல்லை.

முடிந்தது என்று உறுதியானால் வைனை அடிமண்டியை விட்டு இறுத்து வேறு ஜாடிக்கு மாற்றுங்கள். மண்டியோடு சேர்த்துக் கலக்கினால் வாயு போகும், கூடவே செத்த ஈஸ்டின் கசப்பும் நாற்றமும் வைனில் ஏறும். வாயு எடுக்கும் ஜாடியில் ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும்: 20 லீற்றருக்கு 25 லீற்றர் ஜாடி அல்லது மூடி உள்ள உணவுத்தர வாளி. பொங்கி வழிந்த வைனைத் தரையிலிருந்து துடைக்கிற வேலை யாருக்கும் பிடிக்காது.

சூடாக்குவது

எந்த முறையில் வாயு எடுத்தாலும் முதற்படி வைனை 24 முதல் 26 பாகைக்குக் கொண்டுவருவது. இதைத் தவிர்த்துவிட்டு 14 பாகை வைனை ஒரு மணிநேரம் கலக்கினாலும் கை வலிதான் மிச்சம். நல்ல வழி தண்ணீர்த் தொட்டி. வைன் 14 பாகையில் 20 லீற்றர் இருந்தால், 40 பாகையில் 20 லீற்றர் தண்ணீரைப் பெரிய பேசினிலோ பரலிலோ நிரப்பி அதற்குள் ஜாடியை நிறுத்துங்கள். கணக்குப்படி இரண்டும் 27இல் சந்திக்க வேண்டும். காற்றுக்குப் போகும் சூட்டைக் கழித்தால் 24, 25இல் வந்து நிற்கும். இரண்டு மணிநேரத்துக்கு மேல் பிடிக்கும். மேலே ஒரு சாக்கைப் போர்த்திவிடுங்கள்.

குளிர்ந்த கண்ணாடி ஜாடியைக் கொதித்த தண்ணீரில் இறக்காதீர்கள், அடி கழன்றுவிடும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு. விறகடுப்புப் பக்கத்தில் வைப்பவர்கள் ஒரு பக்கம் மட்டும் சூடேறாமல் அரை மணிக்கொரு தடவை திருப்பி வையுங்கள். புகை மணம் வைனில் ஏறும் என்பதால் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். கதவு ஜன்னலை அடைத்துக் கரிச்சட்டி வைத்துச் சூடாக்குவது வேண்டவே வேண்டாம். அங்கே பயம் வைனிலிருந்து வரும் வாயுவைப் பற்றியல்ல, கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டைப் பற்றி. ஆளைக் கொல்லும்.

கலக்குவதற்கு முன் சல்பைட் போட வேண்டும். கலக்கும்போது காற்றும் உள்ளே போகும், அந்தக் காற்றின் கெடுதியைத் தடுக்க. பொற்றாசியம் மெற்றாபைசல்பைட்டை 20 லீற்றருக்கு 1.7 கிராம் போட்டால் லீற்றருக்கு 50 மில்லிகிராம் அளவு கிடைக்கும். கரண்டிக் கணக்கு வேண்டாம். நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள், மிச்ச எல்லா மருந்துக்கும் அது உதவும். அரைத் தம்ளர் வைனில் கரைத்து ஊற்றுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தத் தூளை முகர்ந்துவிடக் கூடாது.

கையால் கலக்குவதும் டிரில்லால் கலக்குவதும்

வாளியில் இருக்கும் வைனுக்கு நீளமான உணவுத்தரப் பிளாஸ்டிக் கரண்டியே போதும். ஐந்து நிமிடம், நாளுக்கு நாலு தடவை, மூன்று நாள். பொறுமை உள்ளவருக்கு இது பழுதில்லாத முறை. ஒரே திசையில் சுற்றினால் வைனும் கரண்டியோடு சேர்ந்து சுற்றும், வாயு பிரியாது. நாலு சுற்று இப்படி, நாலு சுற்று எதிராக. திசை மாறும் கணத்தில்தான் நுரை எழும்பும்.

டிரில் இருந்தால் வேலை அரை நாளில் முடியும். 6 மில்லிமீற்றர் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியின் அடியில் மடங்கும் பிளாஸ்டிக் இறக்கைகள் இரண்டு கொண்ட கலக்கி இதற்கென்றே விற்கிறார்கள். உடுப்பு மாட்டும் கம்பியை வளைத்து மாட்டுகிறவர்களும் உண்டு. செய்யாதீர்கள். அதன் பெயின்ட் உரியும், உரிந்த இடத்தில் இரும்பு கரையும், வைன் கலங்கும். நாகம் பூசிய கம்பியும் அலுமினியமும் அதே காரணத்தால் கூடாது. பற்றரி டிரில்லை முதல் கியரில் போடுங்கள், நிமிடத்துக்கு 400 சுற்றைத் தாண்ட வேண்டாம். டிரில்லின் வாயிலிருந்து கிரீஸ் சொட்டும். ஒரு பிளாஸ்டிக் மூடியின் நடுவில் துளையிட்டுக் கம்பியில் கோர்த்துவிட்டால் அது குடை போல நின்று சொட்டைத் தாங்கும்.

முதல் அரை நிமிடம் விட்டு விட்டு ஓட்டுங்கள்: ஒரு செக்கன் ஓட்டி நிறுத்தி, நுரை எழும்புகிற வேகத்தைப் பாருங்கள். நுரை கழுத்துக்கு வந்தால் நிறுத்துங்கள், அது இறங்கும். அடங்கிய பிறகு ஒரு நிமிடம் முன்னோக்கி, ஒரு நிமிடம் பின்னோக்கி என ஆறு நிமிடம். அரை மணி ஓய்வு. மறுபடி ஆறு நிமிடம். அப்படி மூன்று தடவை முதல் நாள், தேவையானால் மறுநாளும். கம்பி நுனி அடியிலிருந்து ஒரு சாண் அளவுக்கு மேலேயே இருக்கட்டும். நடுவில் சுழிப்பள்ளம் விழுந்து காற்றை உறிஞ்சத் தொடங்கினால் கம்பியைச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள், பள்ளம் உடையும். கண்ணாடி ஜாடியில் கம்பி பக்கத்தில் மோதினால் ஜாடியே போய்விடும். கை நடுங்குகிற அளவுக்கு வேகம் வேண்டாம்.

எப்போது போதும்? நுரையைப் பாருங்கள். வாயு இருக்கும்வரை எழும்பும் நுரை, சோப்பு நுரை போல நுணுக்கமாக, வெள்ளையாக, நிறுத்திய பிறகும் நிற்கும். வாயு தீர்ந்தபின் வருவது பெரிய கண்ணாடிக் குமிழி. நிறுத்தியவுடன் படபடவென்று உடைந்துவிடும். அது நீங்கள் அடித்த காற்று. அதற்குப் பிறகு கலக்குவது வைனைக் கெடுப்பது. ஸ்ட்ரோபெரி வைனில் இது கண்ணுக்கே தெரியும், ரோசா நிறம் செங்கல் நிறமாகத் திரும்பும்.

வெற்றிடம் இழுப்பது

கலக்காமல், காற்றுப் படாமல் வாயு எடுக்க வேண்டுமென்றால் இதுதான் சிறந்த முறை. மோட்டார் உதிரிப்பாகக் கடைகளில் பிரேக் எண்ணெய் இழுக்கும் கைப்பம்ப், அழுத்தமானியோடு, கிடைக்கும். புதிதாக வாங்குங்கள், பிரேக் எண்ணெய் பட்டதை வைனுக்குப் பாவிக்கக் கூடாது. ஜாடி வாய்க்குப் பொருந்தும் ஒற்றைத்துளை ரப்பர் அடைப்பான், தடித்த சுவருள்ள டியூப், இடையில் நுரை பிடிக்க ஒரு சிறு கண்ணாடிப் போத்தல். இவ்வளவுதான்.

கண்ணாடி மட்டுமே. 19 லீற்றர் பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல் உள்நோக்கிச் சப்பிப்போகும். கண்ணாடியிலும் கீறலோ நட்சத்திரப் பிளவோ இருந்தால் தொடாதீர்கள். நல்ல ஜாடியையும் சாக்கில் சுற்றி வாளிக்குள் வைத்து, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு இழுங்கள்.

மானியில் எவ்வளவு இழுப்பது என்பதில் மலைநாட்டுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. வெளிநாட்டுக் குறிப்புகளில் 20, 22 அங்குலம் என்று இருக்கும். அது கடல்மட்டத்துக்கு. அங்கே முழு வளிமண்டலமே 30 அங்குல இரசம், 20 இழுத்தால் 10 மிஞ்சும். நுவரெலியாவில் மொத்தமே 24 அங்குலமளவு. அங்கே 20 இழுத்தால் மிஞ்சுவது 4. வைன் எரிமலை போலச் சீறிக்கொண்டு டியூபில் ஏறும். 14, 15 அங்குலமே நுவரெலியாவுக்குப் போதும். ஹற்றன், பண்டாரவளைப் பக்கம் 16. கண்டியில் 18 வரை போகலாம். 23 அங்குலம் வரை இழுத்துவிட்டால், 24 பாகை வைன் அந்த அழுத்தத்தில் கொதிக்கவே தொடங்கும். குமிழி நிற்காது. வாயு இன்னும் இருக்கிறது என்று எண்ணி இழுத்துக்கொண்டே இருந்தால் மணமும் மதுசாரமும்தான் போகும். கைப்பம்பால் அவ்வளவு இழுப்பது கடினம், பழைய பிரிட்ஜ் கொம்பிரசரால் சுலபம். கொம்பிரசர் பாவிப்பவர்கள் நுரைப்போத்தலை ஒன்றுக்கு இரண்டாக வையுங்கள். நிறுத்தும்போது டியூபை முதலில் கழற்றிக் காற்றை விடாவிட்டால் எண்ணெய் ஆவி ஜாடிக்குள் திரும்பி இழுபடும். எங்களைக் கேட்டால் கைப்பம்பே போதும்.

15 அங்குலத்துக்கு இழுத்து விடுங்கள். வாயு வர வர மானி இறங்கும். மறுபடி இழுங்கள். முதலில் அடியிலிருந்து நூல் நூலாகச் சின்னக் குமிழிகள். பிறகு எண்ணிக்கை குறைந்து பெரிதாகும். மானி பத்து நிமிடம் இறங்காமல் நின்றால் அன்றைக்குப் போதும். மறுநாள் ஒரு தடவை பாருங்கள்.

ஒன்றும் செய்யாமல் ஒரு வருடம் வைத்தாலும் வாயு போகும் என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் எயார்லொக் போட்டு மூடிய ஜாடியின் மேல்வெளி முழுக்கக் காபனீரொட்சைட்டே நிற்கும்போது, குளிர்ந்த வைனுக்கு வாயுவை விட்டுக்கொடுக்கக் காரணமே இல்லை. நுவரெலியாவில் எட்டு மாதம் கிடந்த வைனும் சுறுசுறுப்பது இதனால்தான். இடையில் இரண்டு மூன்று தடவை இறுத்து மாற்றினால்தான் காத்திருப்பு பலன் தரும்.

சோதித்துப் பார்ப்பது

சின்னப் போத்தலில் பாதி வைன் ஊற்றி, கட்டைவிரலால் வாயை அடைத்து, நன்றாகக் குலுக்கி விரலை விடுங்கள். "புஸ்" என்றால் இன்னும் உண்டு. சத்தமே இல்லாவிட்டால் நல்லது. இதை 22 பாகைக்குக் குறையாத மாதிரியில் செய்யுங்கள், குளிர் மாதிரி புளுகும்.

இதைவிட நம்பிக்கையானது, சோடா வரும் அரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தலில் வைனை முக்கால் பங்கு நிரப்பி, போத்தலை அமுக்கி மேலிருக்கும் காற்றை வெளியே தள்ளி, அமுங்கியபடியே மூடியை இறுக்கி, 30 பாகை வரும் இடத்தில், அடுப்படிப் பரணிலோ வெதுவெதுப்பான தண்ணீரிலோ, மூன்று நாள் வைப்பது. இதற்குக் கொழும்புச் சோதனை என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். அமுங்கிய போத்தல் அமுங்கியபடியே இருந்தால் அடைக்கலாம். மெல்ல உப்பி நின்று, அமுக்கினால் இன்னும் நெளிகிறது என்றால் கரைந்த வாயு மிச்சம், மறுபடி கலக்குங்கள். கல்லுப் போல இறுகி, நாளுக்கு நாள் கூடுகிறது என்றால் அது வெறும் வாயு அல்ல, நொதித்தல் மறுபடி தொடங்கியிருக்கிறது.

அப்படித் தொடங்குவது எப்போதும் ஈஸ்டாக இருக்க வேண்டியதில்லை. பிளம்ஸிலும் பேரிக்காயிலும் மாலிக் அமிலம் உண்டு. அதை லக்ரிக் பற்றீரியா தின்றால் ஒரு கிராம் மாலிக்குக்கு 0.33 கிராம் காபனீரொட்சைட்டு வரும். ஹைட்ரோமீற்றர் அசையாது, புளிப்பு மட்டும் தணிந்திருக்கும், வாயு கூடியிருக்கும். சரியான அளவு சல்பைட் இருந்தால் இது நடக்காது. ஹைட்ரோமீற்றர் 0.998இலிருந்து 0.996க்கு இறங்கியிருந்தால் ஈஸ்ட்தான்: லீற்றருக்கு 5 கிராம் சீனியளவு தின்று, இரண்டரைக் கிராம் வாயு விட்டிருக்கிறது.

வாயு எடுத்த பிறகு

வாயு ஒரு காவலும்கூட. அது போனபின் வைன் காற்றுக்கு எதிரே நிர்வாணமாக நிற்கிறது. அன்றைக்கே ஜாடியை மாற்றிக் கழுத்துவரை நிரப்புங்கள். நிரப்ப அதே வைன் இல்லாவிட்டால் சின்ன ஜாடிகளாகப் பிரியுங்கள்.

தெளிய வைக்கும் மருந்து இதற்குப் பிறகுதான். வாயு உள்ள வைனில் மண்டித் துகள்களைக் குமிழி தூக்கித் தூக்கி விடும். பென்டோனைட் (மண்டியைப் படியவைக்கும் களிமண் தூள்) போட்டும் தெளியவில்லை என்று குறைசொல்வதில் பாதி இந்தக் கோளாறு. 20 லீற்றருக்கு 15 முதல் 20 கிராம் பென்டோனைட்டை 300 மில்லிலீற்றர் சூடான தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்துக் கலக்கி ஊற்றினால் இரண்டு வாரத்தில் படியும். இந்த இடத்தில் குளிர் நமக்கு உதவி, வைனை மறுபடி குளிர் அறைக்கே கொண்டுபோகலாம்.

நம்மவர் வைன் இனிப்பாக இருக்க வேண்டும். நத்தாருக்குக் கேக்கோடு கொடுப்பது புளித்தால் யாரும் இரண்டாவது தம்ளர் கேட்கமாட்டார்கள். ஆகவே அடைக்குமுன் சீனி போடுகிறோம், பெரும்பாலான வெடிப்புகளின் மூலமும் இதுவே. லீற்றருக்கு 4 கிராம் சீனி நொதித்தால் 2 கிராம் வாயு. 50 கிராம் சீனி முழுவதும் நொதித்தால் 25 கிராம். ஷாம்பெயினில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. ஷாம்பெயின் போத்தல் அதற்கென்றே தடித்த கண்ணாடியில் செய்தது, நம்முடையது பழைய சாராயப் போத்தல். இனிப்பாக்குகிறீர்கள் என்றால் வைன் தெளிந்து மண்டி நீங்கிய பிறகு, லீற்றருக்கு 0.2 கிராம் பொற்றாசியம் சோபேற்றும் சல்பைட்டும் சேர்த்துப் போட்டு, பிறகு சீனி. சோபேற் ஓடும் நொதித்தலை நிறுத்தாது, ஈஸ்ட் பெருகுவதை மட்டும் தடுக்கும். சல்பைட் இல்லாமல் சோபேற் மட்டும் போட்டால், பற்றீரியா அதைத் தின்று ஜெரேனியம் இலை கசக்கிய வாடை வரும். அதற்கு மருந்தே இல்லை. சீனி போட்ட பிறகு பத்து நாள் 20 பாகைக்கு மேல் வைத்து, கொழும்புச் சோதனையை இன்னொரு தடவை செய்யுங்கள்.

அடைக்கும் நாளில் வைன் 20, 22 பாகையில் இருக்கட்டும். 14 பாகையில் நிரப்பினால், 30 பாகைக்குப் போகும்போது 750 மில்லிலீற்றர் வைன் விரிந்து போத்தல் கழுத்தில் கிட்டத்தட்ட 10 மில்லிமீற்றர் மேலேறும். தக்கைக்கும் வைனுக்கும் இடையே 15 மில்லிமீற்றர் விட்டிருந்தால் அதில் 5தான் மிஞ்சும். உள்ளே இருந்த காற்று மூன்றில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கப்படும். கரைந்த வாயு துளியும் இல்லாத வைன்கூடத் தக்கையைத் தள்ள அது போதும். குளிராகவே நிரப்ப வேண்டியிருந்தால் 30 மில்லிமீற்றர் விடுங்கள். தக்கை அடித்த போத்தல்களை மூன்று நாள் நிமிர்த்தி வைத்து, நெருங்கிய காற்றுக் கசிந்த பிறகே படுக்க வையுங்கள்.

ஏற்கெனவே அடைத்தாயிற்று, தக்கை எழும்புகிறது என்றால், குலுக்காமல் தூக்கிப் பிரிட்ஜில் ஓரிரவு வையுங்கள். குளிர்ந்தபின் தடித்த துவாயைச் சுற்றி, முகத்துக்கு அப்பால் பிடித்துத் திறந்து, எல்லாவற்றையும் மெதுவாக வாளியில் சேர்த்து, மறுபடி ஹைட்ரோமீற்றரிலிருந்து தொடங்குங்கள். வெப்பமான அறையில் நிற்கும் போத்தலை அப்படியே திறக்க வேண்டாம். மூடி திருகிய சாராயப் போத்தலானால் இன்னும் கவனம். தக்கை அழுத்தம் கூடினால் எழும்பி வழிவிடும், திருகுமூடி வழிவிடாது, கண்ணாடிதான் போகும்.